நானூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே உறுதியில்லை. வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது மழை தொடங்குவதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் தெரியாது. அதைப் படித்துவிட்டு ஸ்டோர்கீப்பர் கோபப்பட்டாரா, சிரித்தாரா என்பதையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஜன்னல்களின் எண்ணிக்கை மட்டும் சரி. அதை நான் நோட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

நோட்டு ஸ்டோர்கீப்பரின் மனைவியினுடையது. கர்ட்டன் தைக்கிறவள். எல்லோருக்கும் அவள் அளவக்கா. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் அவள் கண் ஜன்னலுக்குப் போய்விடும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பாடை கிளம்பும்போதுகூட, அறுபதுக்கு நாற்பத்தெட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டதாக அவளே ஒருமுறை ஒப்புக்கொண்டாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

ஒன்பது வருஷமாகத் தைக்கிறாள். அவள் தைத்து முடித்ததை மாலையில் அவள் கணவர் எடுத்துப் போவார். பகலில் அவர் ஒரு மின்சாதனக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். வேலை முடிந்து வந்ததும் துளைபோடும் மெஷினையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு கிளம்பி, வாடிக்கையாளர் வீட்டில் கம்பி மாட்டி, கர்ட்டனைத் தொங்கவிட்டு வருவார். தொங்கவிட்ட பிறகுதான் ஜனங்கள் பணம் கொடுப்பார்கள். ஏணியிலிருந்து இறங்குகிற ஆள் கையில்தானே கொடுப்பார்கள்? அப்படியே அது அவர் பேங்க் கணக்குக்குப் போயிற்று. அவளுக்கென்று கணக்கு இல்லை. எதற்குத் தனியாக, எல்லாம் ஒரே வீட்டுக்குத்தானே என்று அவர் சொன்னார். அவளுக்கும் அதில் தப்பு தெரியவில்லை. அவள் நோட்டில் பணமே கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டின் ஜன்னல்கள், அகலம், உயரம், துணி நிறம், எத்தனை மடிப்பு, உள்துணி உண்டா இல்லையா. அவ்வளவுதான்.

முதலில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில்தான் தைத்துக்கொண்டிருந்தாள்; அந்தப் பணத்தில்தான் அங்கே மாடி எழுந்தது. கீழே அவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். மாடி கட்டத் தொடங்கிய அன்று, ஏதுடா இவ்வளவு பணம் என்று அண்ணன் கேட்டார். தம்பி யோசிக்கவே இல்லை. ஓவர்டைம் என்றார். ஒரே சொல். டீ டம்ளர்களோடு பக்கத்தில் நின்றவள் ஒன்றும் சொல்லவில்லை. டீ ஆறிவிடும் என்பதுதான் அப்போது அவளுக்குத் தோன்றியதாம். சில பொய்கள் அப்படித்தான். கேட்டவுடன் மறுக்காவிட்டால் அவற்றுக்கு வீட்டில் ஒரு நாற்காலி கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு சொந்தக்காரர் கூடுகிற இடத்திலெல்லாம் அண்ணன் மறக்காமல் சொல்வார்: "என் தம்பி மாடா உழைச்சு மாடி கட்டினான்." கூடியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். அவளும் ஆட்டுவாள்.

கடிதத்தில் விஷயம் சுருக்கமாக இருந்தது. கடந்த மூன்று வருஷங்களில் ஸ்டோர்கீப்பரின் கணக்கில் சம்பளத்தைத் தவிர வேறு பணமும் நிறைய வந்திருக்கிறது. அது யாருடைய, எந்த வகை வருமானம் என்று முப்பது நாளுக்குள் விளக்க வேண்டும்.

அவருக்கு அது புரியவில்லை. வரிதான் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, பிடித்தது போகத்தானே கைக்கு வருகிறது, இன்னும் என்ன என்று இரண்டு நாள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் இருவரும் ஒரு ஆடிட்டரைப் பார்க்கப் போனார்கள்.

ஆடிட்டர் ஒரு பெண். அளவக்காவைவிடப் பத்து வயது சின்னவள். அதிகம் பேசாதவள், ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பேனாவைத் திறந்தே வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஸ்டோர்கீப்பர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு விளக்கினாள். சம்பளத்தில் முதலாளி பிடித்துக் கட்டிவிடுகிறார். சொந்தத் தொழிலில் பிடிப்பதற்கு ஆள் இல்லை. வந்த பணத்தில் செலவு போக மிஞ்சியதற்கு நாமே கணக்குப் போட்டு, வருஷத்துக்கு நாலு தவணையாக நாமே முன்கூட்டிக் கட்ட வேண்டும். கைக்கு வந்ததெல்லாம் நம்முடையது என்று செலவழித்தால் பிறகு வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து வரும்.

ஸ்டோர்கீப்பர் நெற்றியைத் தேய்த்தார். அளவக்கா மெல்லச் சொன்னாள்: "முதல் சலவையில துணி சுருங்கும்ல, அதுக்குன்னு கொஞ்சம் விட்டுத்தான் வெட்டணும். அந்த மாதிரி."

ஆடிட்டர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். "தைக்கிறது நீங்களா?"

பிறகு கேள்விகளெல்லாம் அவள் பக்கம் திரும்பின. ரசீது இருக்கிறதா? இல்லை. வரவு எழுதி வைத்திருக்கிறீர்களா? அவள் நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஆடிட்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு இடத்திலும் தொகை இல்லை. ஜன்னல்கள் மட்டும் வரிசையாக நின்றன. ஆடிட்டர் மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். பிறகு ஒரு ஜன்னலுக்கு எவ்வளவு துணி, மீட்டருக்கு என்ன கூலி, உள்துணி இருந்தால் எவ்வளவு கூட என்று கேட்டு, அந்த மூன்று வருஷத்தின் ஜன்னல்களை எண்ணத் தொடங்கினாள். நானூற்றுப் பன்னிரண்டு. கூலியால் பெருக்கிப் பார்த்தபோது பேங்க் கணக்கில் வந்திருந்த தொகைக்கு ஏறக்குறையச் சரியாக வந்தது.

வீட்டில் வேலை செய்கிற அறைக்கும் ஒரு பங்கு செலவு காட்டலாம் என்று அதன் அகலத்தைக் கேட்டாள். அளவக்கா இருபத்தி நாலு அடி என்றாள். ஆடிட்டர் அதை எழுதிக் கணக்குப் போட்டால், தையல் அறை முக்கால் வீட்டை விழுங்கிவிட்டது. பன்னிரண்டு அடி அறைதான். கர்ட்டனுக்கு மடிப்பு விழ வேண்டும் என்பதால் கம்பியின் அகலத்தைப் போல இரு மடங்கு துணி எடுப்பார்கள். எந்த அகலத்தைக் கேட்டாலும் இரட்டித்துச் சொல்வது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. அறைக்கு மடிப்பு கிடையாது என்று ஆடிட்டர் சொன்னாள். ஆடிட்டர் சிரித்ததாக யாரும் சொல்லவில்லை.

இரண்டு மாதிரிப் பதில்களை ஆடிட்டர் தட்டச்சு செய்து எதிரே வைத்தாள். முதலாவதில் வருமானம் கணவருடையது. சம்பளத்தின் தலைமேல் ஏறுவதால் வரி விகிதம் அதிகம். அபராதமும் சேர்த்து ஏழு மாதச் சம்பளம் போகும். இரண்டாவதில் வருமானம் மனைவியுடையது. அவளுக்கு வேறு வருமானம் இல்லாததால், செலவெல்லாம் கழித்து, இரண்டு மாதச் சம்பளத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. கணக்கு கணவர் பேரில் இருப்பதால், என் கணக்கில் வந்த இந்தப் பணம் என் மனைவியின் உழைப்பில் வந்தது, என்னுடையதல்ல என்று அவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது தாளில் அளவக்காவின் பெயருக்குக் கீழே, தொழில் என்ற இடத்தில், "சுயதொழில் – திரைச்சீலை தைத்தல்" என்று இருந்தது. இதுவரை எந்தப் படிவத்திலும் அந்த இடத்தில் கணவர் "இல்லத்தரசி" என்றுதான் நிரப்பியிருக்கிறார். அவள் அந்தச் சொற்களை ஒருமுறை படித்தாள். பிறகு தாளைத் திருப்பி வைத்தாள். தனக்கு அது வேண்டும் என்பது அந்த நேரத்தில்தான் அவளுக்கே தெரிந்தது. இத்தனை வருஷம் இல்லாத ஆசை எங்கே இருந்தது என்று யோசித்தாளாம்.

ஸ்டோர்கீப்பர் கணக்குத் தெரியாதவர் அல்ல. கிடங்கில் ஒரு திருகாணி குறைந்தாலும் கண்டுபிடிப்பவர். ஏழுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். இருந்தும் முதல் தாளைத்தான் தன் பக்கம் இழுத்தார்.

"என் பேர்லயே எழுதிடுங்க. கடன் வாங்கிக் கட்டிக்கிறேன்."

ஆடிட்டர் காரணம் கேட்கவில்லை. இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது, யோசித்து வாருங்கள் என்று நோட்டை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு அனுப்பினாள்.

வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்: "பணம் உங்க உழைப்புன்னா இனிமே தைக்கிறதையும் நீங்களே தைச்சிருங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதனால் அவர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் தையல் மெஷின் ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் ஓடவில்லை. அவள் சமைத்தாள், துவைத்தாள், மற்ற நேரம் வெட்டுமேஜை முன்னால் கை கட்டி உட்கார்ந்திருந்தாள். வெட்டிய துணிகள் மேஜைமேல் அப்படியே கிடந்தன. போன் செய்த வாடிக்கையாளர்களிடம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் சொன்னார். மூன்றாம் நாள் அவள் வெளியே போயிருந்தபோது தானே மெஷினில் உட்கார்ந்து பார்த்தார் போலிருக்கிறது. அவள் வந்து பார்த்தபோது ஊசி முறிந்திருந்தது. அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மிதிக்கும் சத்தம் நின்றுபோனால் ஒரு வீடு எவ்வளவு பெரியதாகிவிடுகிறது என்று அந்த நாட்களில் இருவருமே தனித்தனியாக நினைத்திருக்கக்கூடும்.

அந்த வார விடுமுறை நாளில், மதியம், கீழேயிருந்து அண்ணன் ஏறி வந்தார். கண் சிவந்து, முகம் வீங்கியிருந்தது.

"என்னம்மா, மெஷின் ரிப்பேரா? நாலு நாளா பகல்ல கண்ணை மூட முடியல."

சத்தம் இல்லாமல் இருந்தால் தூக்கம் வரத்தானே செய்யும் என்று தம்பி கேட்டார். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ராத்திரி முழுக்க அச்சு மெஷின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அமைதிதான் தொந்தரவு என்றார். காலையில் வந்து படுத்தால் மேலே தடதடவென்று ஓடும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டது. ஒன்பது வருஷப் பழக்கம்.

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"என்னடா முழிக்கிற? உன் ஓவர்டைம் பூரா என் தலைக்கு மேலதானே ஓடுச்சு."

ஸ்டோர்கீப்பரின் காதுமடல் சிவந்தது.

அளவக்காவுக்கு அந்த நேரத்தில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறொன்றுதான் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே ஏன் மாமா ஒவ்வொரு தடவையும் மாடா உழைச்சான்னு சொன்னீங்க?"

அண்ணன் அதற்குத் தயாராக இல்லை. முழங்காலைத் தடவினார். "அவன் சொன்னதைத்தான்மா நானும் சொன்னேன். நீயும் பக்கத்துலதானே நின்னே."

அது உண்மைதான். யாரை ஏமாற்றுவதற்காக அந்தப் பொய்யை மூன்று பேரும் இத்தனை நாள் சுமந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஏமாந்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியவில்லை. அண்ணன் எழுந்து, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

அன்று மாலை அவள் புது ஊசி மாட்டினாள். கணவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருக்கவில்லை. கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தபோது, கிடங்கில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கிளம்பு என்று மட்டும் சொன்னார்.

ஆடிட்டர் வெள்ளைத் தாளை வைத்தாள். ஸ்டோர்கீப்பர் எழுதத் தொடங்கினார். நல்ல கையெழுத்து, சரக்குப் பதிவேட்டில் எழுதி எழுதிப் பழகியது. 'என் மனைவியின் உழைப்பில்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அளவக்கா ஜன்னலைப் பார்க்கவில்லை. பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், 'என் உதவியோட'ன்னு ஒரு சொல் சேர்த்துக்கலாமா?"

உதவி என்ன என்று ஆடிட்டர் கேட்டாள். கம்பி மாட்டியது, துளை போட்டது, ஏணி தூக்கியது என்று அவர் சொன்னார். நானூற்றுப் பன்னிரண்டு ஜன்னலுக்கும் தானே ஏறியதையும் சொன்னார். அது பொய்யில்லை. ஆடிட்டர் தலையசைத்தாள். அப்படியென்றால் அது உங்கள் மனைவியிடம் நீங்கள் வாங்கிய கூலி. இவர் கணக்கில் செலவாகக் காட்டலாம், உங்கள் கணக்கில் வருமானமாகச் சேர்க்க வேண்டும், கம்பி ஒன்றுக்கு எவ்வளவு என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள் என்றாள்.

ஸ்டோர்கீப்பர் ஒரு தொகை சொன்னார்.

"அவ்வளவு யாரும் குடுக்க மாட்டாங்க," என்றாள் அளவக்கா. "வெளி ஆளுக்கே அதுல பாதிதான்."

"வெளி ஆள் சுவரைப் பேத்துட்டுப் போவான்."

"நீங்க பேத்ததில்லையா? மூணு வீடு. எந்த வீடுன்னு சொல்லட்டுமா?"

ஆடிட்டர் பேனாவைத் திறந்தே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் முக்கால் பங்குக்கு முடிந்தது. அவர் 'உழைப்பில்' என்று எழுதினார். உதவி என்ற சொல்லைச் சேர்க்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

வரி அலுவலகம் பதிலை ஏற்றுக்கொண்டது. அபராதத்தோடு சேர்த்து வந்த தொகையை அளவக்கா தன் பெயரில் புதிதாகத் திறந்த கணக்கிலிருந்து இரண்டு தவணையாகக் கட்டினாள். இப்போது வருஷத்துக்கு நாலு முறை முன்கூட்டியே கட்டிவிடுகிறாள். கட்டுகிற நாளில் மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது என்கிறாள். ஸ்டோர்கீப்பர் அதே கிடங்கில்தான் இருக்கிறார். கம்பிக் கூலிக்கு அவரும் வரி கட்டுகிறார். அண்ணன் அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குக் குடிபோனார். மாடி கட்டிய கதையை அவர் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. உண்மைக் கதையையும் சொன்னதில்லை. கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆடிட்டர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாள். கணவனும் மனைவியும் அந்த நாலு நாட்களைப் பற்றி இதுவரை பேசிக்கொண்டதில்லை.