சமையலறை வரைக்கும்

மாமனாரின் அடக்கம் முடிந்து வந்த கையோடு, அவள் கணவன் கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் ஒட்டியிருந்த பச்சை டேப்புகளை நகத்தால் உரிக்க ஆரம்பித்தான். கை ஏதாவது செய்துகொண்டிருந்தால் அழுகை வராது என்பது அவன் கணக்கு.

அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டியவள் அவள்தான். மாமனார் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நடுக்குவாதம் வந்த பிறகு, நடக்கும்போதே பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். "காலுக்கு ஒண்ணும் இல்லம்மா. மூளையில டோபமின்னு ஒரு ரசாயனம் குறைஞ்சு போச்சு, கிளம்புன்னு சொன்னா காலுக்குப் போய்ச் சேரல. தரையில கோடு போட்டுப் பாருங்க, கண்ணு பாத்தா கால் தாண்டும்" என்றார் டாக்டர். கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒட்டினாள். தாண்டினார்.

"ஆயுசு பூரா சிக்னல்ல கோட்டப் பாத்தா வண்டிய நிறுத்துனவன்மா நான். இப்ப கோட்டப் பாத்தாத்தான் கிளம்புறேன்" என்றார் அன்று.

வேடிக்கையா, வேதனையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோய் சிரிப்பையும் இறுக்கிவிட்டிருந்தது. பெரிய மனிதரைக் கோடு போட்டு நடக்க வைத்து அவமானப்படுத்திவிட்டோமோ என்று இரண்டு வருடமாக அவளுக்கு உறுத்தல். கேட்கவும் வாய் வரவில்லை. நேற்று அவள் வேலை முடிந்து வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். இனி யாரைக் கேட்பது?

உரித்துக்கொண்டே போனவன் நிமிர்ந்தான். "கிச்சன் வரைக்குமா ஒட்டி வச்சிருக்க?"

"கிச்சனுக்கு நான் ஒட்டலையே."

எழுந்து போனாள். நேற்றிலிருந்து அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சாப்பாடெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. புதிதாக ஆறு பட்டைகள். ஒவ்வொன்றும் கோணல், சுருக்கம். கத்தரிக்கோல் படவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தவை. பக்கத்தில் குட்டை ஸ்டூல். மத்தியான மாத்திரை வேலை செய்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்குக் கை சொன்னபடி கேட்கும். கடைசிப் பட்டை, அடுப்பின் முன் அவள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு ஓரடி தள்ளி இருந்தது.

"உங்கப்பா ஒட்டுனது. என்கிட்ட வர்றதுக்கு." நெஞ்சு நிறைந்துவிட்டது அவளுக்கு.

அவன் டேப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "நீ இல்லேன்னா அவரு கட்டிலோட கிடந்திருப்பாரு" என்றான், தரையைப் பார்த்தபடி.

அவள் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்தான், ஒவ்வொரு பட்டையையும் காலைத் தூக்கித் தாண்டி.