நாலு நாளில் வளர்ந்த போஞ்சி

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிரேமினி இரண்டாம் தர வகுப்புக்கு டீச்சர். அதிபர் ஜெயகாந்தனுக்குப் பிள்ளைகளைப் பிடிக்காது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. போட்டோவில் அவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகளின் கழிவறைக் கதவு கழன்று விழுந்து ஒரு பாடசாலைத் தவணை முழுக்க ஓடிவிட்டது. அதைத் தூக்கி மாட்ட அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து 'செய்து பார்த்துக் கற்கும் வாரம்' நடத்தப் போகிறது என்றதும், வாசலில் பதாகை கட்ட மட்டும் ஒரே நாளில் நேரம் வாய்த்தது. பதாகையில் பிள்ளைகளின் படத்தைவிட அவருடைய படம் பெரிது.

வாரத்தின் தலைப்பு 'வளரும் செடி'. திங்கள் போஞ்சி விதை போடுவது, செவ்வாய் பார்த்ததை எழுதுவது, புதன் செடியின் பாகங்களை வரைவது, வியாழன் பாட்டு, வெள்ளி கண்காட்சி. இப்படித் திட்டம் போட்டவர்கள் பிறந்ததிலிருந்து ஒரு விதைகூட ஊன்றியதில்லை என்பது பிரேமினிக்கு வாசித்த உடனே விளங்கிவிட்டது. அவள் லிந்துலையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். இந்தக் குளிரில் போஞ்சி தலைகாட்டவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

"சார், வெள்ளிக்கெழமைக்குள்ள ஒன்னும் மொளைக்காதுங்க. கண்காட்சிய அடுத்த கெழமைக்கு வச்சிக்கலாமே?" என்று கேட்டாள்.

"அவங்க வேன் புக் பண்ணிட்டாங்க டீச்சர். வெள்ளிக்கெழமைதான் வர்றாங்க. அத நீங்க செடிகிட்ட சொல்லிருங்க" என்றார் ஜெயகாந்தன். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் யோகட் கப்புகளில் மண் நிரப்பி ஆளுக்கொரு விதை ஊன்றினார்கள். விதையைப் படுக்க வைத்தால் தூங்கிவிடும், நிற்கத்தான் வைக்க வேண்டும் என்று தனுஷிகா அடம்பிடித்தாள். வினோஜன் பாடத்துக்குப் பாடம் தன் விதையைத் தோண்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினான். செவ்வாய்க்கிழமை என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒன்னுமே ஆகல டீச்சர்" என்றான். பிரேமினி பலகையில் 'இன்று ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதினாள். எல்லோரும் அதைப் பார்த்து எழுதினார்கள்.

புதன்கிழமை வகுப்புக்குள் வந்த ஜெயகாந்தன் அந்த வரியைக் கண்டார். டஸ்டரை எடுத்து அவரே அழித்தார்.

"இதையெல்லாமா எழுத வைக்கிறது? 'இன்று இரண்டு இலைகள் வந்தன'ன்னு எழுதச் சொல்லுங்க."

"வரலையே சார்."

"வரும்."

வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பிரேமினி வகுப்பைத் திறந்தபோது மேசை நிறையப் பச்சை. ஒரு சாண் உயரப் போஞ்சிச் செடிகள் புதிய கப்புகளில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் விதை போட்ட கப்புகள் பின்வரிசையில் உட்காரும் வாங்குக்கு அடியில் குவிந்து கிடந்தன.

தனுஷிகா மேசை அருகே போய் வெகுநேரம் பார்த்தாள். "டீச்சர், இது எங்கம்மா போட்ட போஞ்சி. நேத்து அந்தியில பெரிய சார் லயத்துக்கு வந்து கேட்டாரு. அம்மா புடுங்கிக் குடுத்தாங்க."

பிரேமினி நேராக அதிபர் அறைக்குப் போனாள். "அந்தம்மா கொழுந்து எடுத்துட்டு வந்து, இருட்டுற வரைக்கும் பாத்துப் பாத்து வளத்த செடி சார் அது."

"செடிதானே டீச்சர்? மறுபடி போட்டா மொளைக்குது. நான் என்ன, வேலி தாண்டியா எடுத்தேன்? கேட்டேன், குடுத்தாங்க."

மகள் படிக்கிற பாடசாலையின் அதிபர் வாசலில் வந்து நின்று கேட்டால் எந்தத் தாய் இல்லை என்பாள்? அது தெரிந்துதான் அவர் கேட்டிருக்கிறார். எதிரே இருந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்த மனிதரைப் பார்க்கப் பிரேமினிக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டிய அட்டைப்பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

வேன் வருவதற்கு முன் ஜெயகாந்தன் வகுப்புக்கு வந்து பிள்ளைகளைப் பழக்கினார். "இது யாரோட செடி?" "என்னோட செடி!" "யாரு தண்ணி ஊத்துனது?" "நான்!" அந்த வாரம் முழுவதிலும் அவர் நடத்திய பாடம் அது ஒன்றுதான்.

நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரியின் பெயர் விஜேந்திரன். கூடவே கேமராவோடு ஒருவர். விஜேந்திரன் குனிந்து வினோஜனிடம், "செடி எப்படி வளந்துச்சு, தம்பி?" என்று கேட்டார்.

"நான் தெனமும் தண்ணி ஊத்துனேன் சார். மொதல்ல ஒரு எல வந்துச்சு. அப்புறம் ரெண்டு. காலையில வந்து அதுகிட்ட பேசுவேன் சார்" என்றான் வினோஜன், கண் சிமிட்டாமல்.

பேசுவேன் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்து தனுஷிகா. தன் பெயர் ஒட்டிய கப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இத வீட்டுக்குக் கொண்டுபோயி எங்கம்மாவுக்குக் காட்டுவேன் சார்" என்றாள்.

அதற்குமேல் பிரேமினியால் முடியவில்லை.

"சார், இது புள்ளைங்க வளத்த செடி இல்லீங்க. அவங்க போட்ட வெத இன்னும் மொளைக்கல. இது இந்தப் புள்ளையோட அம்மா ஜெயந்தினி லயத்துக்குப் பின்னால போட்டிருந்தது. கண்காட்சிக்குன்னு நேத்து புடுங்கிட்டு வந்தாங்க."

ஜெயகாந்தனின் முகம் கறுத்தது. விஜேந்திரன் ஒரு நொடி விழித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"அப்படியா! பெற்றோரும் சேந்துட்டாங்களா? பிரமாதம்! இதத்தான் நாங்க சமூகப் பங்களிப்புங்கிறோம்." கேமராக்காரரிடம் திரும்பி, "இத தனியா எடுங்க" என்றார்.

ஒரு கையில் செடியும் மறு கை தனுஷிகாவின் தலையிலுமாக ஜெயகாந்தன் போட்டோவுக்கு நின்றார். கறுத்த முகம் அதற்குள் தெளிந்திருந்தது. பொய்யைக் கண்டு கோபப்படுவதற்கும் மனிதனுக்குக் கொஞ்சம் அக்கறை வேண்டும். வேனில் வந்தவருக்கு அதுவும் இல்லை. இவர்களிடம் போய் உண்மையைச் சொன்னோமே என்று பிரேமினி கூசிப்போனாள்.

பாடசாலை விடும்போதே செடிகள் துவண்டு சாய்ந்திருந்தன. ஒரு பெட்டியில் அடுக்கி, தனுஷிகாவோடு லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள் பிரேமினி. கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த ஜெயந்தினி, பெட்டிக்குள் ஒரு பார்வை பார்த்தாள்.

"கண்காட்சிய அடுத்த கெழமைக்கு வச்சிக்கலாமுன்னு சொன்னேங்க. சார் கேக்கல" என்றாள் பிரேமினி.

"நீங்க என்னா செய்வீங்க டீச்சர்." ஜெயந்தினி மகள் பக்கம் திரும்பினாள். "வந்தவங்ககிட்ட நல்லா பேசுனியாடி?"

"நல்லா பேசுனேம்மா."

"அது போதும்" என்றாள் அவள், உண்மையான திருப்தியோடு.

திங்கட்கிழமை ஜெயகாந்தன் பாராட்டுச் சான்றிதழோடு வகுப்புக்கு வந்தார். "அடுத்த தவணைக்கும் நம்மளத்தான் எடுத்திருக்காங்க. நீங்கதான் டீச்சர் பொறுப்பு."

"வேணாம் சார். நீங்களே நடத்துங்க. புள்ளைங்க உங்ககிட்டதான் சீக்கிரமா கத்துக்கிறாங்க."

"அதுவும் சரிதான்" என்றார் அவர், உச்சி குளிர்ந்து. சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார்.

இரண்டொரு நாளில், வாங்குக்கு அடியிலிருந்து எடுத்து அவள் ஜன்னலில் அடுக்கியிருந்த கப்புகளில் மண் வெடித்தது. வெளிறிய தண்டுகள் கூன் வளைந்து வெளியே வந்திருந்தன. பிரேமினி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இவ்வளவுதானா டீச்சர்?" என்றான் வினோஜன். "அன்னைக்கு வச்சது எம்மாம் பெருசா இருந்துச்சு!" மற்றவர்களும் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தங்கள் இடத்துக்குப் போனார்கள்.

"கப்ப எடுத்து முன்னால வைங்க. இருக்கிறத பாத்து வரைங்க" என்றாள் அவள்.

கொஞ்ச நேரத்தில் வினோஜன் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினான். தாள் கொள்ளாத செடி. இலையும் பூவும் காயுமாகத் தொங்கியது. பிரேமினி அவன் கையில் அழிறப்பரைக் கொடுத்தாள்.

"எத அழிக்கணும் டீச்சர்?"

"கப்புல இல்லாத எல்லாத்தையும்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் காய்களை அழித்தான், பிறகு பூக்களை. இலைகளுக்கு வரும்போது மணி அடித்துவிட்டது. பிரேமினி அவனை எழும்ப விடவில்லை.