எலிக்குக் கேட்டுவிடும்

எங்கள் வீட்டில் எலி கிடையாது. ‘அது’தான் உண்டு. இடைசெவலுக்கு வாக்கப்பட்டு வந்த முதல் வாரமே என் மாமியார் பார்வதியம்மாள் எனக்கு இந்தப் பாடத்தை நடத்திவிட்டார். பேரைச் சொன்னால் அதற்குக் கேட்டுவிடுமாம். கேட்டால் கோபம் வந்து பட்டுச் சேலையைக் கடித்துவிடுமாம். சாட்சியும் வைத்திருந்தார். ஒரு தடவை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்று எலி மருந்து வாங்குவதைப் பற்றிப் பேசினார்களாம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் அத்தையின் முகூர்த்தப் பட்டு கந்தல். அத்தனை கிலோமீட்டர் தள்ளிப் பேசியது கேட்டிருக்கிறது. எனக்கோ கூடத்தில் இருந்து கூப்பிட்டால் அடுப்படியில் கேட்காது.

இப்பேர்ப்பட்ட அறிவாளிக்குத் தீனியில் நாங்கள் குறை வைக்கவில்லை. விலை ஏறட்டும் என்று மக்காச்சோள மூட்டைகளை மாசியிலிருந்தே பின்னறையில் அடுக்கி வைத்திருந்தோம். விலை ஏறவில்லை, புழுக்கைதான் ஏறியது. என் வீட்டுக்காரர் வன்னியபெருமாள் தினமும் காலையில் வெறுங்காலோடு உள்ளே போய், விளக்குமாறால் புழுதி பறக்கப் பெருக்குவார். கரிசல் காட்டில் நடந்து நடந்து அவர் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மூட்டைக்கு அடியில் தரை ஈரமாக இருந்தால், மழை ஒழுகியிருக்கிறது என்பார் அத்தை. பங்குனியில் எங்கே மழை பெய்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு பொறி வாங்கலாமே என்று வாயைத் திறந்தேன். அத்தை ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். நாத்தனார் ஜெயப்பிரியாவுக்கு வைகாசியில் கல்யாணம். எட்டுப் பட்டுச் சேலை மரப்பெட்டிக்குள் இருந்தது.

சித்திரை பிறந்ததும் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, உடம்பெல்லாம் வலி. கோவில்பட்டிக்கு டாக்டர் சத்யபிரியாவிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மா கொசு உண்டா, தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் எலி இருக்கிறதா என்றும் கேட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

“அதெல்லாம் நம்ம வீட்ல கிடையாது டாக்டரம்மா,” என்றார் அத்தை, இடைசெவல் வரைக்கும் கேட்கிற சத்தத்தில்.

எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் வெளியாள் முன்னால் மாமியார் பேச்சை மறுக்கலாமா? நான்தான் பெரிய பதவிசான மருமகளாயிற்றே. சாதாரணக் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, குறையாவிட்டால் வரச் சொன்னார் டாக்டர்.

மூன்றாம் நாள் கெண்டைக்கால் வலியில் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. கண் மஞ்சளாகியிருந்தது. மூத்திரம் சரியாகப் போகவில்லை. ஆட்டோவில் என் மடியில் தலை சாய்த்திருந்தவர் என்னையே யார் என்று கேட்டார். இந்தத் தடவை டாக்டர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

“எலி இருக்கு டாக்டர். பின்னறை முழுக்கப் புழுக்கை. இவிய வெறுங்காலோட நின்னு பெருக்குதாவ.”

அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். டாக்டர் என் வீட்டுக்காரரின் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். இது எலிக்காய்ச்சலாகத்தான் இருக்கும், எலி மூத்திரம் இந்த வெடிப்பு வழியாக ஏறியிருக்கும், முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். அப்படியே திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். பதினோரு நாள். சிறுநீரகம் படுத்துவிட்டது. இரண்டு தடவை மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அத்தை ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டார். பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார். நான் அவ்வளவு சத்தமாகச் சொல்லியும் எட்டுச் சேலையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பாவம், அன்றைக்கு அதற்குக் காது அடைத்திருக்கும். போனை வைத்துவிட்டு அத்தை சுவரோரம் உட்கார்ந்து அழுதார். எதற்கு அழுகிறார் என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்து வந்தார். பாதி உடம்பாகத்தான் வந்தார். திரும்பக் காட்டுவதற்காகக் கோவில்பட்டிக்குப் போனபோது, டாக்டர் வீட்டைப் பற்றித்தான் முதலில் பேசினார். புழுக்கையை ஈரமாக்காமல் பெருக்கக் கூடாது, பிளீச்சிங் பவுடர் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்து எடுக்கவேண்டும், காலில் செருப்பில்லாமல் அந்த அறைக்குள் போகவே கூடாது என்றார். பிறகு, இன்னும் எலி இருக்கிறதா என்று கேட்டார்.

அத்தை மகனைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், டாக்டரின் காதருகே குனிந்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“இருக்கு. பரண்லயும் இருக்கு. நீங்க கேக்காததையும் சொல்லுதேன், அடுப்படியிலயும் இருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதல் நாளே இப்படிக் காதோடு சொல்லியிருக்கலாம். அத்தை சொல்லாவிட்டால் நானாவது சொல்லியிருக்கலாம். அது கடிப்பதற்கு அந்தப் பெட்டியில் என் சேலை ஒன்றுகூட இல்லை.