கொண்டையில் நாலு காய்

காலை ஆறு மணிக்கெல்லாம் போடியின் அந்த ஏலக்காய்க் கிடங்கில் சல்லடை ஆடத் தொடங்கிவிடும். சுமைக்காரர்கள் மூட்டையைத் தோளுயரத்துக்குத் தூக்கிக் கொட்டுவார்கள். காய் சடசடவென்று விழுந்து நாலாபக்கமும் துள்ளும். கீழே முப்பது பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து வெடித்த காயையும் வெளுத்த காயையும் பொறுக்கித் தள்ளுவார்கள். தூசி பறக்குமென்று மின்விசிறி போடுவதில்லை. ஏலக்காய் மணம் மணம் என்று ஊரே பெருமை பேசுகிறது. பத்து மணி நேரம் அதற்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், தொண்டை எப்படி எரிகிறதென்று.

முனீஸ்வரியும் அங்கே முறம் பிடித்தவள்தான். மூன்று வருடமாகச் சூப்பர்வைசர். நின்றபடி வேலை வாங்குவாள். சாயங்காலம் வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் முந்தானையையும் உதறச் சொல்லி, இடுப்பைத் தடவிப் பார்த்து வெளியே விடுவதும் அவள் பாடுதான். அவளை மட்டும் யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

போன வாரம் முதலாளி ஆதித்தன் புதுச் சட்டம் ஒன்று போட்டார். இனிமேல் பெண்கள் தலையில் துண்டு கட்டக்கூடாது. துண்டு மடிப்பில் காயை ஒளித்துக்கொண்டு போகிறார்களாம். தூசிக்கும் தெறிக்கிற காய்க்கும் பயந்துதான் அவர்கள் துண்டு கட்டுகிறார்கள் என்று முனீஸ்வரிக்குத் தெரியும். தெரிந்துதான் அவர்களிடமிருந்து துண்டுகளைப் பிடுங்கி வைத்தாள்.

அதற்கு நாலாம் நாள் சாயங்காலம் முருகம்மாளின் முறை வந்தபோது முதலாளியே கேமரா அறையிலிருந்து இறங்கி வந்தார்.

"முனீசு, அந்தக் கொண்டைய அவுத்துப் பாரு."

முருகம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. முனீஸ்வரியின் பிரசவத்தின்போது துணைக்கு ஆஸ்பத்திரித் தரையில் மூன்று நாள் படுத்துக் கிடந்தவள். சுமைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, முனீஸ்வரி அந்தக் கொண்டையை அவிழ்த்தாள். நரைமுடியிலிருந்து நாலு காய் உதிர்ந்தது.

"எண்ணெத் தலையில ஒட்டியிருக்கும் மொதலாளி. மேல இருந்து கொட்டுறாக. நான் கீழ ஒக்காந்திருக்கேன்."

"இருவது வருசமா ஒங்கள என் குடும்பமா நெனைக்கிறேன். அதுக்கு இதுதானா? நாளையில இருந்து வர வேணாம்."

முருகம்மாள் திரும்பினாள். "நீ சொல்லுத்தா முனீசு. ஒனக்குத் தெரியும்ல."

முனீஸ்வரி தரையைப் பார்த்தாள். முருகம்மாள் விரிந்த தலையோடு கடைவீதி வழியே நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்து முனீஸ்வரி தலை வாரியபோது சீப்போடு மூன்று காய் விழுந்தன. தினமும் விழுவதுதான். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து அவள் துண்டு கட்டுவதில்லை. கட்டினால் மற்றவர்களோடு ஒன்றாகத் தெரிவோமே என்கிற கொழுப்பு. விழுகிற காயை நசுக்கி டீயில் போடுவாள். மூன்று வருடமாக அந்த வீட்டு டீ மணக்கிறது. அன்றைக்கு அந்த மூன்று காயை அவள் நசுக்கவில்லை, எடுத்து வைத்தாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசர் வேலை போய்விடுமே என்று விழுங்கிவிட்டாள். கொண்டையை அவிழ்த்த விரல்களைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

மறுநாள் காலை சல்லடை ஆடுவதற்கு முன் பெண்களிடம் சொன்னாள். "அது களவு இல்ல. எந்தலையிலயும் தெனம் விழுகுது. நான் டீ போட்டுக் குடிச்சிருக்கேன்."

ஜெபஷீலா முறத்தைத் தரையில் வைத்தாள். "அந்தக்கா கேட்டப்ப இதச் சொல்லிருக்கணும். இப்ப எங்ககிட்டச் சொல்லி என்ன செய்ய?"

"மொதலாளிகிட்டச் சொல்லப் போறேன்."

"சொன்னா ஒன்னயும் அனுப்புவாக. நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருப்பீக. நாங்க தெனம் கொண்டைய அவுத்துக் காட்டிக்கிட்டு இருக்கணுமாக்கும்?" ஜெபஷீலா எழுந்தாள். "ஒத்தையில போகாத. எல்லாரும் வாரோம்."

முப்பது பேரும் முற்றத்தில் வந்து நின்றதும் ஆதித்தன் பதறிப்போய் வெளியே வந்தார். "என்ன இது? பத்து மணிக்கு ஏலத்துக்குச் சரக்குப் போகணும்."

முனீஸ்வரி கையை விரித்தாள். உள்ளங்கையில் மூன்று காய். "இது நேத்து எந்தலையில இருந்து விழுந்தது மொதலாளி."

"அப்ப நீயும் களவாணியா?"

"களவாணின்னா என்னயும் அனுப்புங்க. இல்லேன்னா முருகம்மாக்காவக் கூப்பிடுங்க. இத்தன பேரு முன்னாடி அவமானப்படுத்துனோம். இத்தன பேரு முன்னாடி தப்புன்னு சொல்லணும். நானும் சொல்லுறேன்."

"துண்டு கட்டுவோம். இனிமே எங்க மேல கை வச்சுச் சோதிக்கக் கூடாது," என்றாள் ஜெபஷீலா.

"ஒங்களுக்கு என்ன கொறை வச்சேன்? தீவாளிக்குத் தீவாளி சேலை எடுத்துத் தரல?"

"தந்தீக. அந்தச் சேலையத்தான் தெனம் உதறச் சொல்லுறீக."

ஆதித்தனின் முகம் கறுத்தது. "கூடலூர்ல இருந்து ஒரு ஜீப்பு ஆளு எறக்க எனக்கு எம்புட்டு நேரம் ஆகும்? வேலை செய்றவ உள்ள போ. மத்தவ வெளிய போ."

பெண்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். சுமைக்காரர் ராக்கையா தோளில் இருந்த மூட்டையை இறக்கி வைத்தார். "நேத்து நாங்களும் வேடிக்கை பாத்துக்கிட்டுத்தான நின்னோம்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, அவர்கள் பின்னாலேயே வந்தார். மற்ற சுமைக்காரர்களும் வந்தார்கள்.

எல்லாரும் வெளிச்சுவரின் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முறம் பிடிக்கிறவர்களில் ஒருத்தி, மகாலட்சுமி, போய் முருகம்மாளைக் கூட்டி வந்தாள். முருகம்மாள் வந்தாள், நடந்ததைக் கேட்டாள், ஜெபஷீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முனீஸ்வரியின் பக்கம் திரும்பவே இல்லை. முனீஸ்வரிக்கு அவர்களோடு உட்காரத் துணிவு வரவில்லை. எதிரே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

பத்து மணி ஆயிற்று. உள்ளே முதலாளியின் போன் அடித்தபடி இருந்தது. கதவு திறக்கவில்லை. தெருமுனையில் ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள் இங்கே உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்கள். இன்னும் யாரும் இறங்கவில்லை.

"முனீசு," என்றாள் முருகம்மாள். "ஒம் மேல எனக்குக் கோவம் ஆறல. இப்பைக்கு ஆறாது."

"சரிக்கா."

"அதுக்காக அங்கன தனியா நிக்காத. ஜீப்புல வந்தவுகளுக்கும் மொதலாளிக்கும் நாம பிரிஞ்சு நிக்கிற மாதிரி தெரியும்." முருகம்மாள் சற்று நகர்ந்தாள். "இங்கன வந்து ஒக்காரு."

முனீஸ்வரி தெருவைக் கடந்து வந்து உட்கார்ந்தாள்.