எடை ஏறிய சந்தோஷம்

என் நாத்தனார் நஜ்முன்னிசாவை எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதில் எங்களுக்குள் ஒளிவுமறைவே கிடையாது.

என் வீட்டுக்காரர் ஜெகபர் சாதிக் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்ததும், நடக்கப் பழக்குவதற்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பு ஒரு பக்கம் இருக்கட்டும், அவருக்கு இதயம் ஏற்கெனவே பலவீனம். ரத்தத்தைச் சரியாகத் தள்ளாது, உடம்பில் தண்ணீர் தங்கிவிடும். உப்பைக் குறைக்கணும், தண்ணீரை அளந்துதான் கொடுக்கணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அளக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

நாக்கு வறண்டு அவர் கெஞ்சுவார். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பேன். பாலக்கரையிலிருந்து பஸ் ஏறி வரும் நஜ்முன்னிசாவுக்கு இது போதாதா? "கட்டின புருஷனுக்குத் தண்ணி தராத பொம்பளைய இங்கதான் பாக்குறேன்" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் என் மானத்தை வாங்குவாள். நான் குளித்து வர வீட்டுக்குப் போகும் நேரம் பார்த்தும் அவள் வந்துபோகிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் திரும்பி வந்தபோது வார்டே அமர்க்களப்பட்டது. தர்காவில் ஓதின சர்க்கரையை அவள் கட்டில் கட்டிலாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்கு எடை ஏறிடுச்சு! உடம்பு தேறிட்டான்! எல்லாம் என் ஆட்டுக்கால் சூப்பு. ஒடஞ்ச எலும்பு வேற எதுல ஒட்டும்?"

போர்வையை விலக்கினேன். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. விரலால் அமுக்கினால் குழி விழுந்தது.

"எத்தனை நாளா குடிக்கிறீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. நர்ஸ் லிசி ஓடிவந்து ஆக்ஸிஜன் மாட்டி, ஊசி போட்டாள்.

"ஏறினது சதை இல்லம்மா, அத்தனையும் தண்ணி. காலையில எடை பார்த்ததுமே கேட்டேன். எதுவும் குடிக்கலன்னு சாதிச்சுட்டாரு."

அதற்குள் நஜ்முன்னிசா பிளாஸ்க்கைத் திறந்துவிட்டாள். "மூச்சு வாங்குது பாரு. ரெண்டு வாய் குடிச்சா தெம்பு வரும்."

பிடுங்கி அவ்வளவையும் வாஷ்பேசினில் கொட்டினேன்.

"அடிப்பாவி! பட்டினி போட்டே என் தம்பியக் கொல்லப் பாக்குறியா?"

"இவரு மவுத்தானா நாப்பதாம் ஃபாத்திஹாவுக்கு வந்து பிரியாணி தின்னுட்டுப் போயிடுவீங்க. விதவையா வீட்டுக்குள்ள அடைஞ்சு இத்தா இருக்கப் போறது நான்!"

அவர் என்னைப் பார்த்துக் கையை வீசினார். "நீ... போ. அக்கா... இருக்கட்டும்."

அந்த நிமிஷம் அவர்மேலும் எனக்கு வெறுப்பு வந்தது. இவருக்காகவா இத்தனை பேச்சு வாங்கினேன் என்று இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. வார்டு வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து, நஜ்முன்னிசா வரும்போதெல்லாம் பையைச் சோதித்த பிறகே உள்ளே விட்டேன். அவள் கொடுத்த சாபத்தை எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

மருந்தில் தண்ணீர் இறங்க, எடையும் இறங்கியது. அவர் என்னோடு பேசவே இல்லை. ஒரு மத்தியானம் அன்றைய அளவுத் தண்ணீர் தீர்ந்துபோய், இன்னும் வேண்டும் என்று லிசியிடம் அடம்பிடித்தார். கிடையாது என்று வாசலிலிருந்தே நான் சொன்னேன்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி? கட்டின புருஷன் தொண்ட காஞ்சு கெடக்கேன், அங்க நின்னு வேடிக்க பாக்குறியே, அல்லா ஒன்ன சும்மா விடுவானா, ஒங்கப்பன் வீட்டுல இதத்தான் சொல்லிக் குடுத்து அனுப்புனாங்களா, எங்கக்கா மட்டும் இல்லன்னா என்னைய என்னைக்கோ பொதச்சிருப்ப!"

நான் அசையாமல் நின்று கேட்டேன். அத்தனையும் ஒரே மூச்சில் திட்டினார். நடுவில் ஒரு இடத்தில்கூட இரைக்கவில்லை.