நேசம்மா மன்னிப்புக் கேட்கவில்லை

பூமணி ஈரத் துணியைப் பிழிந்து நேசம்மாவின் கழுத்தைத் துடைத்தாள். கூந்தலை வாரி முடிந்தாள். குங்குமச் சிமிழுக்குக் கை நீட்டியபோது, நேசம்மாவின் அண்ணி இராஜம்மா அதைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க. அவளுக்குத் தாலி ஏது? பாக்குறவங்க என்ன சொல்வாங்க?"

"எனக்குத் தாலி இருக்கு. கட்டின நாள்லேர்ந்து கழுத்துல தொங்குது. அதை வச்சு நான் என்னத்தக் கண்டேன்? கொடுங்க இப்படி."

இராஜம்மா கொடுக்கவில்லை. பூமணியே எழுந்துபோய் எடுத்துக்கொண்டாள். பொட்டைப் பெரிதாகவே வைத்தாள்.

கிள்ளானில் அந்தத் தெருவுக்கே தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வரும் இந்த அம்மாள் சிவசம்புவின் மனைவி. இறந்து கிடப்பவள் அவருடைய இன்னொருத்தி.

விஷயம் முதன்முதலாகக் காதுக்கு எட்டியது எழுபத்தைந்தாம் வருஷம். மறுநாளே பூமணி பஸ் ஏறிச் சண்டைக்கு வந்தாள். நேசம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"படத்துக்கு நேரமாச்சுக்கா. வாங்க, அங்க வந்து திட்டுங்க."

எப்படிக் கூடப் போனோம் என்று பூமணிக்கு இன்றும் புரியவில்லை. காதல் படம். ஒருவனுக்காக இரண்டு பெண்கள் உருகினார்கள். கடைசியில் ஒருத்தி விஷம் குடித்து, மனைவியின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுச் செத்தாள். கொட்டகையே அழுதது. நேசம்மா மட்டும் கச்சான் கடலை மென்றுகொண்டிருந்தாள்.

"நான் சாக மாட்டேன்கா. இந்த ஆளுக்காகவா? ச்சீ."

பூமணி திட்டத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பின் இருவரும் சேர்ந்தே படம் பார்த்தார்கள். வலி இல்லாமல் இல்லை. சில சமயம் மாதக்கணக்கில் பூமணி வரமாட்டாள். பிறகு அவளே வந்து கதவைத் தட்டுவாள். எந்தப் படத்திலும் பெண்கள்தான் விட்டுக்கொடுத்தார்கள், விலகிப்போனார்கள். "அவளை யாருக்கா விட்டுக்குடுக்கச் சொன்னா?" என்று நேசம்மா பஸ் ஸ்டாப்பில் நின்று கத்துவாள்.

நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் அண்ணன் சபாபதி தங்கையின் காதருகே குனிந்தார். "அக்காகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடும்மா. நிம்மதியாப் போவே."

நேசம்மா கண்ணைத் திறந்து பூமணியைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"ஒண்ணும் கேக்காதே," என்றாள் பூமணி. "கேட்டேன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்."

நேசம்மாவின் விரல்கள் அவள் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டன. அவற்றைப் பிறகு நர்ஸ்தான் பிரித்துவிட்டாள்.

வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. சபாபதி உள்ளே வந்தார்.

"பின்பக்கமா எடுத்துடலாம்லா. முன்னால ஒரே கூட்டம்."

"ஏன், திருடிக்கிட்டா போறோம்? முன்வாசல் வழியாத்தான் போவா."

பூமணி வாசலுக்கு வந்தாள். எதிரே கோப்பிக்கடையில் சிவசம்பு பேப்பரை விரித்து முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தார். தெருவில் நின்று அவரை அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"என்னங்க! கோப்பி குடிச்சது போதும். வந்து தூக்குங்க."

தெரு முழுக்கத் திரும்பியது. அவர் தலைகுனிந்தபடி சாலையைக் கடந்து வந்தார்.

"எல்லாரும் பாக்குறாங்க, பூமணி."

"பாக்கட்டும். இத்தனை வருஷமா யாரும் பாக்கலேன்னா நெனச்சீங்க?"

அவர் குரல் உடைந்தது. "நீயாவது என்னை மன்னிச்சிட்டியா?"

"அதுக்கு இப்ப நேரமில்லை. கால்பக்கம் புடிங்க."

சவப்பெட்டி முன்வாசல் வழியாக வெளியே வந்தது. வேனில் ஏற்றியதும் பூமணி சேலையை ஒதுக்கிக்கொண்டு படியில் கால் வைத்தாள். டிரைவர் தயங்கினார்.

"ஆன்டி, பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரமாட்டாங்களே."

"நான் வரேன்."

சபாபதி விலகி வழிவிட்டார். சிவசம்பு பெட்டியருகே ஏறப் பார்த்தார்.

"நீங்க முன்னால உக்காருங்க," என்றாள்.

வேனின் ஜன்னல்களில் நீலத் துணி தொங்கியது. பாசார் கடைத்தெருவுக்குள் வண்டி திரும்பியபோது பூமணி எழுந்து, இரண்டு பக்கமும் துணியை விலக்கிக் கம்பியில் சுருட்டிவிட்டாள். வெயில் உள்ளே வந்து பெட்டியின் மேல் விழுந்தது. கடை வாசல்களில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.