பெரியத்தையின் பாராசூட் துணி

எங்கள் பெரியத்தை போர்க்காலத்தில் பாராசூட் தைத்தவள். அப்பாவுக்கு மூத்தவள். ஆண்களெல்லாம் சண்டைக்குப் போய்விட, பெண்களை வரிசையாக மெஷின் முன்னால் உட்கார்த்தித் தைக்கச் சொன்ன தொழிற்சாலை அது. ஒரு தையல் விட்டுப்போனாலும் மேலேயிருந்து குதிக்கிறவன் கதை முடிந்தது என்று மேற்பார்வையாளர் தினமும் மிரட்டுவாராம். போர் முடிந்து எவ்வளவோ காலம் ஆன பிறகும், விமானச் சத்தம் கேட்டால் பெரியத்தை கைவேலையை நிறுத்திவிட்டு அது கடந்துபோகும் வரை அசையாமல் இருப்பாள். அண்ணாந்து மட்டும் பார்க்கமாட்டாள்.

தொழிற்சாலையை மூடியபோது ஆளுக்கொரு துண்டு பாராசூட் துணி கொடுத்தார்களாம். வெள்ளைப் பட்டு. அக்கா பிறந்ததும் அவளை அதில் சுற்றித்தான் பெரியத்தை மடியில் வாங்கினாள். அந்தப் போட்டோ கூடத்தில் மாட்டியிருந்தது. நான் பிறந்த அன்று பார்த்துத் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்களாம். என்னைச் சுற்றியது ஒரு பழைய போர்வை. அதற்கும் போட்டோ இருக்கிறது. அதில் என் முகத்தைப் பார்த்தால், விஷயம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது போலிருக்கும்.

பெரியத்தை போகும்போது, "மூத்தவ வெச்சுக்கட்டும். யாரும் அதை வெட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது. அவளைப் பார்த்துத் தையல் பழகியது நான். கடை போட்டு மெஷின் மிதிப்பவள் நான். துணி போய்ச் சேர்ந்தது, ஒரு பொத்தான் தைக்கச் சொன்னால் விரலைக் குத்திக்கொண்டு அழுகிற அக்காவிடம். அவள் அதைக் கண்ணாடி அலமாரியில் மடித்து வைத்தாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். தொட்டுப் பார்க்கிறாயா என்று எத்தனையோ முறை கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் கையால் எடுத்துக் கொடுத்து நான் தொடுவதா?

அவள் மகனையும் அதில்தான் சுற்றினார்கள். நான் உண்டானபோது, என் குழந்தைக்கும் அது வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாயைத் திறந்து கேட்டேனா? உயிரே போனாலும் கேட்கமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். பிரித்தால், கைக்குழந்தைக்கு ஒரு குட்டிச் சட்டை. வெள்ளைத் துணி, நீல நூல். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஓரம் அடித்திருந்த லட்சணத்தைப் பார்த்தால் எறும்பு குடித்துவிட்டு நடந்த மாதிரி இருந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்த டீச்சரிடம் விரித்துக் காட்டினேன்.

"இது எங்க அக்கா கைவண்ணம். துணி என்னவோ நல்ல துணிதான். பாவம், அவகிட்ட மாட்டிக்கிச்சு."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பரம திருப்தி. அன்றிலிருந்து மெஷின் எண்ணெய் துடைக்க அந்தச் சட்டையைத்தான் வைத்துக்கொண்டேன்.

மகள் பிறந்தாள். வெளியே போகலாம் என்றானதும் முதல் வேலையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"அலமாரியைத் திற. இவளையும் அதுல சுத்தணும்."

அக்கா முகம் வெளுத்தது. "இன்னொரு நாள் பாக்கலாமே."

"ஏன்? உன் பையனுக்குன்னா ஆகும், என் பொண்ணுக்குன்னா ஆகாதா?"

"அப்படி இல்லடி..."

"வேற எப்படி? சாவியைக் குடு!"

கொடுத்தாள். நானே திறந்து எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தத் துணி என் கையில் வழுக்கிக்கொண்டு விரிந்தது. விரிந்ததும் பார்த்தேன். ஒரு பக்கம் நல்ல அகலத்துக்கு வெட்டியிருந்தது. வெட்டிய ஓரத்தை நீல நூலால் மடித்துத் தைத்திருந்தது. தையல் எறும்பு நடை.

அந்த ஓரத்தை விரலால் தடவினேன். அக்காதான் பேசினாள்.

"வெட்டக் கூடாதுன்னு பெரியத்தை சொன்னாங்க. தெரிஞ்சேதான் வெட்டுனேன். இரவல் வாங்கிப் போட உனக்குப் பிடிக்காதே, உன் புள்ளைக்குன்னே சொந்தமா ஒண்ணு இருக்கட்டும்னுதான். சொன்னா திட்டுவியோன்னு பயம். ஆனா நீ தைக்கிறவ, தொட்டதுமே எந்தத் துணின்னு கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன்." குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கேட்டாள். "சட்டையைப் போட்டுப் பாத்தியா? சரியா இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மெஷினுக்கு அடியிலிருந்து அதை எடுத்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. சோப்புப் போட்டு, ஊறவைத்து, கை தேயத் தேயக் கசக்கினேன். எண்ணெய் கொஞ்சம் போனது. நெஞ்சுப் பக்கத்தில் மட்டும் ஒரு பெரிய கறை நின்றுவிட்டது. ஒரு தையலைக்கூடப் பிரித்துத் தைக்கவில்லை. அப்படியே மகளுக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அக்கா வந்தாள். குழந்தையை மடியில் வாங்கினாள். கறையைப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள் என்று நினைக்கிறேன், மெஷின் எண்ணெய் வாசம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பிறகு என் மெஷினைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தப்போகிறாள், கத்தட்டும் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கறை மறையும்படி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "கழுத்தைக் கொஞ்சம் பெருசா வெட்டிட்டேன், இல்ல?" என்றாள்.

இதிலும் அவளே மூத்தவளாகிவிட்டாள். அவள் தோளில் என் மகள் சமத்தாகத் தூங்கிப்போனாள். எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.